ரெஸ்ட் ஹவுசும் நட்சத்திர ஹோட்டலும்: தங்குமிடத் தேர்வு

மலேசியாவில் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் செண்டாயான் இருக்கிறது. ஒரு காலத்தில் பால்மரமும் பின்னர் செம்பனையுமாக இருந்த இந்த வட்டாரத்தில், கடந்த இருபது ஆண்டுகளுக்குள் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் நகரியம் எழுந்திருக்கிறது. லாபு, சிலியாவ், ரந்தாவ், லுக்குட் எனச் சுற்றியுள்ள ஊர்களிலும் தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கல்யாணம், காதணி விழா, கருமாதி என்று உறவினர் வரும்போதும், பள்ளி விடுமுறையில் கடற்கரைக்குப் போகும்போதும் தங்குமிடம் எது என்ற கேள்வி இன்று எல்லா வீட்டிலும் எழுகிறது. பழைய பாணியில் நடக்கும் மலிவான விடுதியா, குளிரூட்டிய வரவேற்புக் கூடமும் நீச்சல் குளமும் உள்ள பெரிய ஹோட்டலா என்பதே அந்தக் கேள்வி. தாத்தா பாட்டி காலத்தில் இது எழவில்லை. அவர்களுக்கு இரண்டில் எதுவுமே திறந்திருக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் காசு கொடுத்துத் தங்கும் வழக்கம் மிகப் பழையது அன்று. 1879இன் தொடக்கத்தில் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் மலாக்காவிலிருந்து லிங்கி ஆற்று வழியாக, சிரம்பானை உள்ளடக்கிய சுங்கை ஊஜோங் வந்தார். சிரம்பானில் அவர் தங்கியது பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கேப்டன் மர்ரேயின் வீட்டில். வெள்ளைக்காரப் பயணி வெள்ளைக்கார அதிகாரியின் விருந்தாளியாக இருந்தால் போதும், வேறு ஏற்பாடு தேவையில்லை என்ற நிலை. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதிகாரிகள், நில அளவையாளர், பொதுப்பணிப் பொறியாளர், தோட்டத் துரைமார் என ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் பெருகினார்கள். எல்லாரையும் ரெசிடெண்டின் வீட்டில் தங்கவைக்க முடியாது. அரசாங்கம் ஊருக்கு ஊர் ரெஸ்ட் ஹவுஸ் கட்டியது அந்தத் தேவைக்காகத்தான்.

மலாய் மொழியில் ரூமா ரேஹாட் எனப்படும் இந்த விடுதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தவை. ஊருக்குச் சற்று ஒதுங்கிய மேட்டு நிலம், உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், பிரம்பு நாற்காலிகள், கொசுவலை போட்ட கட்டில், குளியலறையில் பெரிய தண்ணீர்ச் சாடி, அதிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளத் தகரக் குவளை. அறைகள் பத்தைத் தாண்டுவது அரிது. பராமரிப்பும் சமையலும் பல இடங்களில் ஹைனான் சீனர் கையில் இருந்தன. ஆங்கிலேயருக்குச் சமைத்துக் கைதேர்ந்த அவர்கள் உருவாக்கிய சிக்கன் சாப் இன்றும் மலேசியக் கோப்பிக் கடைகளில் கிடைக்கிறது. வாடகை அரசாங்கம் வகுத்தது. ஆனால் அறைக்கு முன்னுரிமை பணியில் இருக்கும் அதிகாரிக்கு. வணிகரோ பயணியோ மிச்சம் இருந்தால் தங்கலாம்.

எழுதாத விதி ஒன்றும் இருந்தது. ரெஸ்ட் ஹவுஸ் தாழ்வாரத்தில் உட்கார ஒரு தோரணை வேண்டும். தோட்டத்துக் கிராணிகூட அங்கே போய் உட்கார்ந்து தேநீர் கேட்கத் தயங்கிய காலம் அது. தோட்டத்துக்குள் நிலைமை இன்னும் தெளிவு. துரையின் விருந்தாளிகளுக்குப் பங்களா. தொழிலாளியின் விருந்தாளிகளுக்கு லயத்து அறையின் முன்திண்ணை, ஒரு பாய், ஒரு தலையணை. தோட்டம் தனியார் நிலம் என்பதால், வெளியாள் யார் வந்து யார் வீட்டில் தங்குகிறார் என்பதில் நிர்வாகத்தின் கண் இருந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கு நடுவிலும் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது பேர் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போவார்கள். அண்டை வீடுகள் எல்லாம் திறந்துகிடக்கும். கோயில் மண்டபத்தில் ஆண்கள் படுப்பார்கள். வாடகை என்ற சொல்லே அந்தக் கணக்கில் வராது.

தமிழர் நாட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கமும் அதுவே. வழிப்போக்கனுக்குச் சத்திரம் கட்டி வைப்பது அறம் என்ற எண்ணத்தில் ஊறிய சமூகம் அது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நிறுவிய சத்திரம் 1863ஆம் ஆண்டிலிருந்து யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்துவருகிறது. மலாயாவுக்கு வந்த செட்டியார்களும் பினாங்கில் தங்கள் ஆட்களுக்குக் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கிகளையும், கோயிலை ஒட்டித் தங்குமிடங்களையும் ஏற்படுத்திக்கொண்டனர். ஆனால் அவை பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்துக்குரியவை. பால் வெட்டப் போன தொழிலாளிக்குச் சத்திரம் கட்டுவார் யாரும் இல்லை. அவனுக்கு உறவினர் வீடே சத்திரம்.

ஆகவே போர்ட் டிக்சன் கடற்கரை தோட்ட மக்களுக்கு நெடுங்காலம் பகல் நேர ஊராகவே இருந்தது. விடுமுறை நாளில் தோட்டத்து லோரியில் ஏறி, அண்டாவில் புளிச்சாதமும் கோழிக் குழம்பும் கட்டிக்கொண்டு தெலுக் கெமாங் போவார்கள். கடலில் குளித்து, சவுக்கு மர நிழலில் சாப்பிட்டு, இருட்டுமுன் திரும்பிவிடுவார்கள். பின்னால் கடற்கரையோரம் வரிசையாக நின்ற விடுமுறைப் பங்களாக்கள் கம்பெனிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் உரியவை. அங்கே இரவு தங்குவது யார் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

சுதந்திரத்துக்குப் பின் ரெஸ்ட் ஹவுஸ் கதவுகள் எல்லாருக்கும் திறந்தன. அந்தத் தலைமுறை அரசு ஊழியர்களில் தமிழர் கணிசமாக இருந்தனர். ரயில்வே, பொதுப்பணி, மருத்துவத் துறைகளில் வேலை பார்த்தவர்கள் இடமாற்றத்தின்போதும் பயணத்தின்போதும் அங்கே தங்கினார்கள். ஆனால் திறந்த கையோடு தேய்மானமும் தொடங்கிவிட்டது. நெடுஞ்சாலை வந்ததும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடிந்தது. நடு வழியில் இரவு தங்கவேண்டிய தேவை குறைந்தது. பராமரிப்புச் செலவைத் தாங்க விரும்பாத அரசு பல விடுதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. சில உணவகங்களாக மாறின, சில இடிந்தன, சில பெயரை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரண ஹோட்டலாகின. நிர்ணயித்த வாடகை, நல்ல இடம், சுமாரான சுத்தம், சமையல்காரர் என்ற நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஏற்பாடு அத்தோடு போயிற்று. இந்த நாட்டின் தங்குமிட வரலாற்றில் பெரிய இழப்பு இதுதான். அதற்காக வருந்தியவர் அதிகம் இல்லை.

காலியான அந்த நடு இடத்தை இன்று மூன்று வகை விடுதிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதலாவது, சிரம்பான் போன்ற நகரங்களின் கடைவீட்டு ஹோட்டல். கீழே கடை, மேலே பத்துப் பதினைந்து அறை, படிக்கட்டு உச்சியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சாவி மாட்டிய பலகை. இரண்டாவது, கம்போங்கில் மலாய்க் குடும்பத்தோடு தங்கும் அரசுப் பதிவு பெற்ற ஹோம்ஸ்டே. இந்தத் திட்டம் 1995இல் பகாங், தெமர்லோவில் உள்ள டேசா மூர்னியில் தொடங்கியது. மூன்றாவது, மக்கள் பேச்சில் அதே ஹோம்ஸ்டே என்ற பெயரைப் பெற்றுவிட்ட வாடகை வீடு. இதில் வீட்டுக்காரர் இருப்பதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு முழு வீட்டையும் ஓர் இரவு இரண்டு இரவு என்று எடுக்கலாம். போர்ட் டிக்சனிலும் செண்டாயானிலும் இன்று பெருகியிருப்பது இந்த மூன்றாவது வகைதான்.

மறு பக்கத்தில் ஆடம்பர ஹோட்டல். போர்ட் டிக்சனின் லெக்சிஸ் ஹிபிஸ்கஸ் இதற்கு நல்ல சான்று. தேசிய மலரான செம்பருத்தியின் வடிவில், கடலுக்குள் தூண் நட்டுக் கட்டிய வில்லாக்கள் வானிலிருந்து பார்த்தால் இதழ் விரித்தாற்போல் தெரியும். கடல்மேல் 522 வில்லாக்கள், விடுதி முழுவதும் 643 நீச்சல் குளங்கள் என்ற எண்ணிக்கைக்காகக் கின்னஸ் பதிவுகளையும் அது பெற்றிருக்கிறது. கடலுக்கு நடுவே இத்தனை நீச்சல் குளம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். கடலை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும், அறைக்குள் உள்ள குளத்தைப் பகிர வேண்டியதில்லை. தனிமைக்குத்தான் அங்கே விலை. புர்க்கா அணிந்த பெண்ணும், கூச்சமுள்ள மூத்த பெண்மணியும், யார் கண்ணிலும் படாமல் தண்ணீரில் இறங்க விரும்பும் எவரும் அந்த விலையை மகிழ்ச்சியோடு கொடுப்பதில் வியப்பில்லை. தோட்டத்துக் குளியல் தொட்டியைச் சுற்றிப் பாவாடையை மார்புவரை கட்டிக் குளித்த தலைமுறையின் பேத்திகளுக்கு இந்த வசதியின் அருமை நன்றாகவே தெரியும்.

பழமை என்றால் மலிவு, புதுமை என்றால் ஆடம்பரம் என்று இரண்டு பெட்டிக்குள் அடைப்பதும் இப்போது சரிவராது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே 1932இல் திறந்த மெஜெஸ்டிக் ஹோட்டல் 1983இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து 1998 வரை அந்தக் கட்டடம் தேசியக் கலைக்கூடமாக இருந்தது. 2012இல் மீண்டும் ஹோட்டலாகத் திறந்தபோது, பழைய கட்டடத்தில் உள்ள அறைகளே உயர்ந்த விலைக்குப் போயின. தமிழ்நாட்டின் செட்டிநாட்டிலும் இதே கதை. காரைக்குடியில் 1999இல் விடுதியான ‘பங்களா’ என்ற மாளிகையும், கானாடுகாத்தானில் ஹோட்டலான விசாலமும் ஆத்தங்குடித் தரையையும் தேக்குத் தூண்களையும் வெளிநாட்டுப் பயணிக்கு நல்ல விலைக்குக் காட்டுகின்றன. மலிவாக இருந்தவரை பழசு என்று ஒதுக்கியதை, கைவிட்டுப் போனபின் பாரம்பரியம் என்று பெயரிட்டு ஆடம்பரத்துறை எடுத்துக்கொள்கிறது. குத்தகைக்குப் போன ரெஸ்ட் ஹவுஸ்களில் நல்ல கட்டடம் எஞ்சியிருந்தால், அதற்கும் ஒருநாள் இந்த யோகம் வரக்கூடும். அப்போது வாடகை மட்டும் பழையபடி இருக்காது.

இனி விலை. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையும் கடைசியில் கட்டும் தொகையும் ஒன்றல்ல. பெரிய ஹோட்டல்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று ஹோட்டல் வாங்கும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம். மற்றது அரசின் சேவை வரி. 6 விழுக்காடாக இருந்த அந்த வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு ஆயிற்று. ஆக 400 ரிங்கிட் என்று காட்டிய அறை 470 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். ஆண்டு வருமானம் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட விடுதிகள் சேவை வரிக்குப் பதிவு செய்யக் கட்டாயம் இல்லை. அதனால் சிறிய விடுதிகள் பலவற்றில் சொன்ன விலையே விலை. ஆனால் வாடகை வீடுகளில் முன்பணம் வாங்குவது வழக்கம். தட்டு உடைந்தது, துண்டு கறைபட்டது என்று அதைப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியில் நான்கு படம் எடுத்துவைப்பது வீண்போகாது.

தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினருக்கு இன்னொரு செலவு உண்டு. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்டுகிறார்கள். முதலில் வகுத்த திட்டத்தில் நட்சத்திரத் தரத்துக்கு ஏற்ப 2.50 முதல் 20 ரிங்கிட் வரை வரி ஏறியிறங்கியது. பின்னர் எல்லாருக்கும் ஒரே தொகை என்று மாற்றினார்கள். கேட்க நியாயமாகத் தெரியும். 800 ரிங்கிட் அறையில் அந்த 10 ரிங்கிட் கண்ணில் படாது. 80 ரிங்கிட் அறையில் அது எட்டில் ஒரு பங்கு. முதலில் போட்ட திட்டமே மேலானது. மலிவான அறையைத் தேடுகிறவரைத்தான் மாற்றம் உறுத்துகிறது. மலேசியர்களும் நிரந்தரவாசிகளும் இந்த வரியைக் கட்டவேண்டியதில்லை. பதிவு பெற்ற ஹோம்ஸ்டேக்கும் விலக்கு உண்டு.

ஆள் கணக்கு விலைக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். ஹோட்டல் அறை இருவருக்கானது, குழந்தைகளைச் சேர்த்தால் நால்வர். பெரியவர்களே கூடுதலாக உள்ள பன்னிரண்டு பேர் குடும்பத்துக்கு நான்கு அறையாவது வேண்டும். மேலே சொன்ன 470 ரிங்கிட் கணக்கில் ஓர் இரவுக்கே 1,880 ரிங்கிட். அதே பன்னிரண்டு பேர் நான்கு அறை வீடு ஒன்றை 700 ரிங்கிட்டுக்கு எடுத்தால் தலைக்கு 60 ரிங்கிட்கூட ஆகாது. இருவர் மட்டும் போவதானால் வீடு எடுப்பதில் அர்த்தமில்லை. சாப்பாடும் சேர்ந்தே வருகிறது. ஹோட்டலில் காலை உணவு விலையில் அடங்கியிருந்தாலும் மதியமும் இரவும் வெளியேதான். வாடகை வீட்டில் அடுப்பு இருக்கும். லுக்குட் சந்தையில் மீன் வாங்கி வந்து, அத்தை குழம்பு வைக்க, சித்தப்பா வாசலில் நின்று கோழி சுட, பிள்ளைகள் நடுக்கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிப்போவார்கள். லயத்துக் கல்யாணத்தின் மிச்சம் எங்கேனும் உயிரோடு இருக்கிறது என்றால் அது இந்த வாடகை வீடுகளில்தான். ஆனால் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கேயும் பெண்கள் தலையிலேயே விழுகின்றன. குடும்பத்துப் பெண்களுக்கு அது விடுமுறையா, இடம் மாறிய வேலையா என்பதை முடிவெடுக்கும் ஆண்கள் கேட்டுப்பார்ப்பதில்லை. ஹோட்டலின் விலையில் ஒரு பங்கு அந்தக் கேள்விக்கான பதில் என்றே கொள்ளலாம்.

முதியவரும் நோயாளியும் உடன் வந்தால் கணக்கு மீண்டும் மாறும். கடைவீட்டு ஹோட்டலில் மின்தூக்கி அரிது. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். முட்டிவலியுள்ள பாட்டியை அங்கே ஏற்றுவதைவிட வேறு இடம் பார்ப்பது நல்லது. ஒற்றைத் தளமாகக் கட்டிய பழைய ரெஸ்ட் ஹவுஸ்களில் இந்தச் சிரமம் இல்லை. பெரிய ஹோட்டல்கள் தீயணைப்புத் துறையின் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அவசர வழி, புகை உணர்கருவி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்ற சோதனை அதில் அடக்கம். வாடகை வீட்டில் அப்படிக் கேட்பார் இல்லை. சன்னல் எல்லாம் திருடனுக்குப் பயந்து இரும்புக் கம்பி போட்டு, வாசலுக்கும் பூட்டு போட்டிருக்கும். இரவில் தீப்பிடித்தால் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தரக் குறியீடு ஓரளவே உதவும். மலேசியாவில் சுற்றுலா அமைச்சு ஹோட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறது. நட்சத்திரத் தகுதிக்கு எட்டாத மலிவு ஹோட்டல்களுக்கு ஆர்க்கிட் என்ற தனித் தரவரிசை உண்டு. இவை வசதிகளை எண்ணுகின்றன. மெத்தை விரிப்பு சுத்தமா, இரவில் பக்கத்து அறைச் சத்தம் கேட்குமா என்பதை எண்ணுவதில்லை. நல்ல ஆர்க்கிட் ஹோட்டல் ஒன்று, பராமரிப்பு தளர்ந்த நான்கு நட்சத்திர ஹோட்டலைவிட மேலாக இருக்கலாம். கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. பத்து ஆண்டு கவனிக்காமல் விட்டால் எந்த நட்சத்திரமும் துருப்பிடிக்கும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். செண்டாயானுக்கு அருகே 1998இல் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையமும் 1999இல் செப்பாங் பந்தயத் திடலும் வந்தன. ஃபார்முலா ஒன் பந்தயம் 2017இல் நின்றுவிட்டாலும் மோட்டோ ஜிபி ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த வார இறுதியில் நீலாய், சிரம்பான் பக்கமெல்லாம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நோன்புப் பெருநாளும் பள்ளி விடுமுறையும் போர்ட் டிக்சன் விலையைத் தூக்கிவிடும். அந்த நாள்களில் மலிவு விடுதி மலிவாக இருக்காது. வார நாளில் ஆடம்பர ஹோட்டலே இறங்கி வரும். அதிகாலை விமானத்துக்குப் போகிறவர் இரவு இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றால், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் ஹோட்டலே தோது.

விருந்தினர் பேச்சில் வராத ஒரு தரப்பு உண்டு. அது ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள். தோட்ட வேலையை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளில் பலர் போர்ட் டிக்சன், சிரம்பான் ஹோட்டல்களில் அறை துப்புரவு, சலவை, சமையலறை, காவல் வேலைகளில் இருக்கிறார்கள். விருந்தினர் கட்டும் 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தைக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்ற வழக்கு பல ஆண்டு நடந்தது. கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான அந்த வழக்கில், சேர்க்கக்கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் தொழிலாளருக்கு உரியது, முதலாளி சம்பளக் கடமையை அதை வைத்துத் தீர்க்க முடியாது என்பது அதன் சாரம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சங்கம் இருக்கும் பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறவருக்கு ஒரு பிடிமானம் உண்டு. கடைவீட்டு ஹோட்டலிலும் வாடகை வீட்டிலும் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு நாள் கூலிதான். மலிவான தங்குமிடத்தின் மலிவில் அவள் கூலியும் ஒரு பகுதி.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ கூடும் பெரிய குடும்பத்துக்கு ஏற்றது வீடு. புதுமணத் தம்பதிக்கும், உடல் முடியாதவரோடு வருகிறவருக்கும், ஆண்டில் ஒருமுறையாவது அடுப்படியிலிருந்து விடுபட விரும்பும் பெண்ணுக்கும் ஏற்றது ஹோட்டல். தனியாக வேலை தேடியோ மருத்துவமனைக்கோ வருகிறவருக்குச் சிரம்பான் நகரின் கடைவீட்டு ஹோட்டல் போதும், பேருந்து நிலையத்துக்கு நடந்தே போகலாம். எங்கே தங்கினாலும் முன்பணம் கட்டுமுன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, வரியும் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, கீழ்த்தளத்தில் அறை உண்டா, சமைக்கலாமா, எத்தனை பேர் தங்கலாம், எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும் என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.